பைக்கு முன்னால் கேரியர், கேரியருக்கு முன்னால் சைக்கிள்

பால்காரர் யாராவது எதிரே வந்தால் அவருடைய சைக்கிளின் பின்பக்கத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கேரியரின் இரண்டு பக்கமும் கனத்த கேன்கள் தொங்கும்; ஆனாலும் வண்டி தள்ளாடாது. தண்ணீர்க் குடங்களைக் கொக்கியில் மாட்டிக்கொண்டு போகிறவர்களும் அப்படித்தான் போகிறார்கள். பழகிய கை ஒரு காரணம். இன்னொரு காரணம், அந்தக் கறுப்பு சைக்கிளின் அமைப்பு. பெடலுக்கும் பின்சக்கர அச்சுக்கும் நடுவே தாராளமாக இடம் விட்டிருப்பார்கள். கேரியரின் கால்களை அச்சிலேயே கொண்டுவந்து வைத்து நட்டு முறுக்கியிருப்பார்கள். சுமை நேரே அச்சில் போய் இறங்கிவிடும்.

இன்றைய கியர் சைக்கிள்கள் பலவற்றில் கேரியரே கிடையாது. அலுவலகத்துக்குச் சைக்கிளில் போகலாம் என்று ஆசைப்படுகிறவர், மடிக்கணினியையும் சாப்பாட்டு டப்பாவையும் முதுகில் சுமப்பார்; போய்ச் சேர்வதற்குள் சட்டை தொப்பலாகிவிடும். பிறகுதான் இருபக்கமும் தொங்கவிடும் பைகளைத் தேடுவார். பேனியர் என்று கடையில் கேட்டால் கொடுப்பார்கள். ஜோடி 40 லிட்டர், மழைக்குத் தாங்கும் என்றெல்லாம் எழுதியிருக்கும். வாங்கிவிடுவார். பை வந்த பிறகு கேரியர் தேடுவார். கேரியரும் வந்த பிறகுதான், அதை மாட்டச் சைக்கிளில் இடமே இல்லை என்பது தெரியவரும். வாங்குகிற வரிசையே தலைகீழ். முதலில் பார்க்கவேண்டியது சைக்கிளை.

பின்சக்கர அச்சுக்குச் சற்று மேலே, சட்டத்தில், மரை வெட்டிய சின்னத் துளை இரண்டு பக்கமும் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் 5 மில்லிமீட்டர் போல்ட் போகிற துளை. சீட்டுக்குக் கீழேயும் அதேபோல் ஒரு ஜோடி இருக்கும். நான்கும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. எடை முழுவதையும் தாங்குவது கீழே உள்ள அந்த இரண்டு போல்ட்தான். மேலே உள்ளவை கேரியர் முன்னும் பின்னும் சாயாமல் பிடித்துக்கொள்வதோடு சரி. மேல்துளை இல்லையென்றால் குழாயைச் சுற்றிக் கவ்வும் கிளிப் போட்டுச் சமாளிக்கலாம். கீழ்த்துளையும் இல்லாதபோது, அச்சிலேயே பொருத்துகிற கேரியர் கிடைக்கிறதா என்று தேடுங்கள். கார்பன் சட்டத்தில் மட்டும் எந்தக் கிளிப்பையும் போட்டு இறுக்காதீர்கள். நசுங்கிவிடும்.

கியர் பக்கம் போல்ட் போடும்போது ஒரு கவனம் வேண்டும். போல்ட் சற்று நீளமாகி உள்பக்கம் துருத்தினால், கடைசிச் சின்னப் பல்சக்கரத்துக்குச் சங்கிலி இறங்கும்போது அதில் உரசும். டிஸ்க் பிரேக் வண்டியில் தொல்லை இடது பக்கம்: சில வண்டிகளில் பிரேக்கின் உடல், கேரியரின் கால் வரவேண்டிய இடத்தில் உட்கார்ந்திருக்கும். அதற்கென்று காலை வெளிப்பக்கம் வளைத்துச் செய்த கேரியர்கள் கிடைக்கின்றன.

சீட் கம்பியை மட்டும் கவ்விக்கொண்டு நிற்கும் கேரியர் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. ஒரு சாப்பாட்டுப் பை வைக்கலாம். அதில் இருபக்கப் பைகளை மாட்டுவது எனக்குச் சம்மதமில்லை. சுமை ஏறினால் அது பக்கவாட்டில் திரும்பும். கீழே காலும் இல்லாததால் பை நேராகப் போய் ஸ்போக்ஸ் கம்பியில் சிக்கும்.

அடுத்தது குதிகால். கடையில் யாரும் இதைச் சொல்வதில்லை; வாங்கியவர்கள் அதிகம் அவதிப்படுவது இதில்தான். கியர் சைக்கிள் பலவற்றில் பின்சக்கரம் பெடலுக்கு வெகு அருகில் இருக்கும். மிதிக்கும்போது பெடல் பின்னால் வரும் ஒவ்வொரு சுற்றிலும் குதிகால் பையில் இடிக்கும். இதைப் பை வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடலாம். மளிகைக் கடையில் ஒரு அட்டைப்பெட்டி வாங்கி, வாங்க நினைக்கும் பையின் அளவுக்கு வெட்டி, கேரியரின் பக்கத்தில் கட்டுங்கள். வழக்கமாகப் போடுகிற செருப்போ ஷூவோ போட்டுக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ளட்டும். பெடலைப் பின்பக்கமாக மெல்லச் சுற்றுங்கள். அட்டையில் இடித்தால், இடித்த இடத்தில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டு, அட்டையைப் பின்னால் நகர்த்துங்கள்.

எவ்வளவு நகர்த்தலாம்? பையின் நடுப்பகுதி அச்சுக்கு நேர்மேலே இருப்பது நல்லது. அதைத் தாண்டி வெகுதூரம் பின்னால் போனால் வால் ஆடும், ஏற்றத்தில் முன்சக்கரம் லேசாகிவிடும். முன்ஓரம் சாய்வாக வெட்டிய பைகள் இந்தச் சிக்கலுக்காகவே வந்தவை. பெரிய பாதக்காரர்கள் அப்படிப்பட்டதைத்தான் எடுக்கவேண்டும்.

பையின் கொக்கிக்கு வருவோம். கேரியரின் குழாய் 8 மில்லிமீட்டரும் இருக்கும், 16-ம் இருக்கும். கொக்கி பெரிதாகவும் குழாய் சிறிதாகவும் அமைந்தால் மேட்டிலும் பள்ளத்திலும் கடகடவென்று அடித்துக்கொண்டே வரும். நாளடைவில் குழாயையே தேய்த்துவிடும். நல்ல பைகளோடு, கொக்கிக்குள் செருகச் சின்னப் பிளாஸ்டிக் துண்டுகள் தருவார்கள். குழாயின் அளவு தெரியாவிட்டால் ஒரு நூலை அதில் ஒரு சுற்றுச் சுற்றி நீளம் பாருங்கள். 31 மில்லிமீட்டர் வந்தால் குழாய் 10 மில்லிமீட்டர். மேல்கொக்கி தானாகப் பூட்டிக்கொள்வதாக இருக்கட்டும். கீழே கேரியரின் காலைப் பிடிக்கும் இன்னொரு கொக்கியும் வேண்டும். அது இல்லாத பை, வேகத்தடையில் ஏறி இறங்கும்போது சிறகு விரித்து எழும்பும்.

மழைக்கு, 1982-இல் ஜெர்மனியில் தொடங்கிய ஆர்ட்லீப் நிறுவனத்தின் பைகளைப் பலரும் சொல்வார்கள். லாரியின் தார்ப்பாயைப் போன்ற துணி. ஓரங்களைத் தைக்காமல் சூடாக்கி ஒட்டியிருப்பார்கள். வாயைச் சுருட்டிக் கட்டவேண்டும். தையல் துளை இல்லாததால் தண்ணீர் நுழைய வழியில்லை. விலை அதிகம். நம்மூர் ஐப்பசி அடைமழைக்குச் சாதாரணப் பைக்குள் கெட்டியான பிளாஸ்டிக் உறையைப் போட்டுச் சாமானை வைத்தாலும் போதும் என்பேன். பையின் உள்முதுகு மட்டும் விறைப்பாக இருக்கவேண்டும். தொளதொளவென்று இருந்தால் சக்கரத்துக்குள் போகும். தொங்குகிற வாரையும் அப்படியே விடக்கூடாது.

கேரியரில் 25 கிலோ என்று பொறித்திருந்தால், அது பையின் எடையும் சேர்த்துத்தான். அரிசி, பருப்பு, தண்ணீர் எல்லாம் பையின் அடியில். இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக. முதல் சில நாள் ஓட்டிய பிறகு நான்கு போல்ட்டையும் மறுபடி முறுக்கிப் பாருங்கள். நிச்சயம் ஒன்றாவது இளகியிருக்கும். உதிரி போல்ட் இரண்டைப் பையின் ஓரத்தில் போட்டு வையுங்கள்.

கடைசியாக, பின்விளக்கு. சீட்டுக்குக் கீழே அது இருந்தால், பைகளுக்கு நடுவே கேரியரின் மேல் நீங்கள் கட்டிவைக்கும் மூட்டை அதை மறைத்துவிடும். பின்னால் வரும் லாரிக்காரருக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். விளக்கைக் கழற்றிக் கேரியரின் பின்நுனியில் மாட்டிக்கொள்ளுங்கள். பல கேரியர்களில் அதற்கென்றே தகடு வைத்திருக்கிறார்கள்.