படம் பேசும் இடத்தில் சொல்: யூசோப் காஜாவும் நம் படநூல்களும்



இலக்கணத்தோடு வாழ்நாளைக் கழித்தவன் குழந்தைகளின் படநூலைப் பற்றிப் பேச வந்திருப்பதற்குக் கிள்ளானில் இருக்கும் என் பேத்தியே காரணம். பாலர் பள்ளியில் பயிலும் அவளுக்காகப் பிரிக்பீல்ட்ஸ் கடையொன்றில் ஒரு தமிழ்ப் படநூல் வாங்கினேன். “யானை குளத்தில் நீராடிக்கொண்டிருக்கிறது” என்று படித்துக் காட்டினேன். அவள் படத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். “குளிக்குதுன்னுதான் தெரியுதே தாத்தா. அப்புறம் என்னாச்சு?” என்றாள்.

அக்கேள்வியில் இரண்டு குறைகள் சுட்டப்பட்டுள்ளன. படம் காட்டியதை எழுத்து மீண்டும் சொல்கிறது. சொல்லும் மொழியோ அவள் வீட்டில் கேட்கும் தமிழன்று.

நம் நாட்டில் இக்கலையைத் தம் வாழ்க்கையாகக் கொண்டவர் யூசோப் காஜா. இயற்பெயர் முகமது யூசோப் இஸ்மாயில். 1954இல் பிறந்து, இந்தோனேசியாவின் யோக்யகார்த்தாவில் ஓவியம் பயின்றவர். யானைகளையே ஓயாமல் வரைந்ததால் யானை என்று பொருள்படும் காஜா அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. வடமொழிக் கஜம் மலாய்க்கும் போயிற்று, நம்மிடமும் வந்தது. களிறு, பிடி, வேழம், கைம்மா என்று இத்தனை சொற்கள் இருந்தும் நாம் அதையும் விட்டுவைக்கவில்லை!

யூசோப் ஓவியராகத் தொடங்கிப் படநூலுக்கு வந்தவர் என்பதே எனக்கு முதன்மையாகப் படுகிறது. ஆங்கில எழுத்துகளை யானைகளைக் கொண்டே கற்பிக்கும் ‘எலிஃபபெட்’ அவருடைய நூல். நூலின் பெயரே யானையும் அகரவரிசையும் முட்டிக்கொண்டு பிறந்த சொல். அவருடைய பாணியை வெள்ளந்தி ஓவியம் எனலாம்: தட்டையான உருவங்கள், நெருக்கமான கோலங்கள், கண்ணைப் பறிக்கும் வண்ணங்கள். தோக்கியோவில் நடைபெற்றுவந்த நோமா படநூல் ஓவியப் போட்டியில் 1990களில் முதன்மைப் பரிசு பெற்றார். பிறகு பட்டறைகள் நடத்தி இளையோரைப் படநூலாக்கத்திற்கு அழைத்துவந்தார். ஒரு கலைஞர் தாம் வென்றதோடு நில்லாமல் பின்வருவோருக்கு வழி விடுவது எளிதன்று.

எழுதுபவரும் வரைபவரும் ஒருவரே ஆகும்போது, எதை எழுதாமல் விடலாம் என்பது அவருக்குத் தெரிந்துவிடுகிறது. நமக்கு அது தெரிவதில்லை, எனக்கும் தெரியவில்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன் சிறுவர் வாசிப்பு நூலொன்று எழுதினேன். அதற்கு வரைந்த இளைஞர் தயங்கியபடி, “ஐயா, படத்தில் மழை பெய்கிறதே, எழுத்திலும் ஏன் பெய்யவேண்டும்?” என்று கேட்டார். அவ்வரியை நான் எடுக்கவில்லை. நல்ல தமிழ் வாக்கியம் ஒன்று போய்விடுமே என்ற கவலை. அந்நூலை இன்று எடுத்துப் பார்த்தால் கூச்சமாக இருக்கிறது.

இரண்டாவது குறை இன்னும் கடினமானது. பேச்சுத்தமிழும் எழுத்துத்தமிழும் விலகி நிற்கும் மொழி நம்முடையது. “குளிக்குது” என்று அச்சிட்டால் ஆசிரியர் வருந்துவார். “நீராடுகிறது” என்றால் குழந்தை விலகும். இவ்விடத்தில் சென்னை ஓவியர் அசோக் ராஜகோபாலன் துணைக்கு வருகிறார். எழுத்தும் ஓவியமும் அவருடையவையான ‘கஜபதி குலபதி’யைத் துளிகா பதிப்பகம் 2010இல் வெளியிட்டது. ஒரு பெரிய யானைக்குச் சளி பிடித்துத் தும்மல் வருகிறது, கதை அவ்வளவே. தொடர்ந்து வந்த நூலொன்றின் பெயர் ‘கஜபதி குலபதி கலபலூஷ்’. கலபலூஷ் எந்த அகராதியிலும் இல்லை. ஆயினும் ஐந்து வயதுக் குழந்தைக்குப் பொருள் சொல்லவேண்டிய தேவையும் இல்லை.

இதில் ஓர் இலக்கண நுட்பம் இருக்கிறது. சலசல, கடகட, மடமட, குடுகுடு ஆகியவற்றை எண்ணிப் பாருங்கள். பேச்சிலும் எழுத்திலும் இவை ஒன்றே. ‘சலசலவென’ என்பது ‘சலசலன்னு’ ஆகும்போது ஒட்டு மட்டுமே மாறுகிறது, அடிச்சொல் அசைவதில்லை. தொல்காப்பியர் இரட்டைக்கிளவி பிரிந்து வாராது என்றார். இசை, குறிப்பு, பண்பு என்ற மூன்றையும் உரிச்சொல்லுக்கு நிலைக்களனாக்கினார். இத்தகைய சொற்கள் இந்திய மொழிகளுக்குப் பொதுவான கூறு என்று எமனோ 1969இல் விரிவாகக் காட்டினார். இரு தமிழுக்கும் நடுவில் இப்படியொரு பாலம் இருக்க, தேர்வுத்தாளில் இரட்டைக்கிளவிக்கு விடை எழுதவைப்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

நம் நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுள் நுழையும் பிள்ளை மலாயும் ஆங்கிலமும் கலந்த தெருவிலிருந்து வருகிறது. அதன் கையில் கிடைக்கும் முதல் தமிழ்ப் புத்தகம் பாடநூலாகவே இருந்துவிட்டால், தமிழ் என்பது தேர்வின் மொழி என்ற எண்ணம் ஏழு வயதிலேயே பதிந்துவிடும். அதன்பின் நாம் நடத்தும் மொழி விழாக்கள் எந்த அளவுக்குப் பயன்படும் என்று எனக்கு ஐயமுண்டு.

படநூல்கள் பெரும்பாலும் 32 பக்கங்கள். அச்சுத்தாளை மடிக்கும் கணக்கில் அமைந்த அளவு அது. வெறுந்தாள்களை மடித்துத் தைத்து, முதலில் படங்களை மட்டும் வரையுங்கள். வரையத் தெரியாதவர்கள் குச்சி மனிதர்களை வரையலாம். பிறகு படத்தில் இல்லாததை மட்டும் எழுதுங்கள். மடித்த தாள்கள் சிலவற்றைக் கொண்டுவந்திருக்கிறேன். இடைவேளையின்போது விரும்புவோர் மேடையருகே வந்து பெற்றுக்கொள்ளலாம். பென்சில் மட்டும் உங்களுடையது.