தாத்தாவுக்கும் ஒரு தடுப்பூசி

"அறுபது வருஷமா வெறுங்காலோட இந்த மண்ணுலதான் நடக்கிறேன். என்னை எந்த ஜன்னி என்ன செய்யும்?" நம்ம வீட்டுப் பெரியவர்கள் இப்படிச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ரண ஜன்னி விஷயத்தில் இந்தத் தைரியம் உதவாது. மண்ணில் எத்தனை காலம் உழைத்தாலும் அதற்கு எதிர்ப்புச் சக்தி தானாக வராது. ஒருமுறை அந்த நோய் வந்து பிழைத்தவருக்கே மறுபடியும் வரலாம். தடுப்பூசி ஒன்றுதான் காவல்.

இந்தக் கிருமியின் வித்து மண்ணிலும் சாணத்திலும் எருக்குழியிலும் பல வருஷம் சாகாமல் கிடக்கும். முள் தைத்த இடம், களைக்கொத்து பட்ட காயம், ஆறாத சர்க்கரைப் புண் இவற்றின் வழியாக உள்ளே போகும். காற்றுப் படாத ஆழத்தில் முளைத்து நஞ்சைக் கக்கும். பெரும்பாலும் மூணு நாளிலிருந்து மூணு வாரத்துக்குள் தாடை இறுகும். வாய் திறக்க வராது. கழுத்து விறைக்கும். சின்னச் சத்தம் கேட்டாலும் உடம்பு வில்லாய் வளையும். வயசானவங்க இதிலிருந்து மீள்வது ரொம்பக் கஷ்டம்.

பேரப்பிள்ளைக்கு ஊசி போட்டாச்சே, போதாதா என்று கேட்கலாம். இது ஆளுக்கு ஆள் ஒட்டுகிற நோய் அல்ல. அதனால் பேரனுக்குப் போட்ட ஊசி தாத்தாவைக் காக்காது. நம் நாட்டில் குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டம் 1978-இல்தான் தொடங்கியது, 1985-இல்தான் விரிவடைந்தது. அதற்கு முன் பிறந்தவர்களில் பலர் சின்ன வயசில் ஊசி போட்டுக்கொண்டதில்லை. தாய்மார்களில் பலருக்குக் கர்ப்ப காலத்திலாவது போட்டிருப்பார்கள். ஆம்பிளைகளுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. போட்டிருந்தாலும், வருஷம் ஆக ஆக அதன் பலம் குறையும்.

அப்போ என்ன செய்யணும்? ஒருபோதும் போடாதவர்களுக்கு மூன்று ஊசி. முதல் ஊசிக்கு நாலு வாரம் கழித்து இரண்டாவது. அதிலிருந்து ஆறு மாதம் முதல் ஒரு வருஷத்துக்குள் மூன்றாவது. பிறகு பத்து வருஷத்துக்கு ஒன்று. இப்போது போடுகிற டி.டி. ஊசி தொண்டை அடைப்பானையும் சேர்த்துத் தடுக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்; தேதியை ஒரு சீட்டில் எழுதி வையுங்கள்.

காயம் பட்டால் சாணி, மண், சுண்ணாம்பு எதையும் அப்பாதீர்கள். சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். முன்பு ஊசி போட்டது நினைவில்லை என்றால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஆழமான, அழுக்கான காயமானால் தடுப்பூசியோடு, நஞ்சை முறிக்கும் இன்னொரு ஊசியும் தேவைப்படும்.

வயலுக்குப் போகாதவர்களுக்கும் இது வேண்டும். படுத்த படுக்கையாய் இருப்பவரின் முதுகுப் புண்ணும் கிருமிக்கு வாசல்தான். தாய் தகப்பனை முதியோர் இல்லத்தில் விட்டிருப்பவர்கள், அடுத்த தடவை பார்க்கப் போகும்போது இந்த ஊசியைப் பற்றி விசாரியுங்கள்.

மாட்டுக்குத் தவறாமல் தடுப்பூசி போடுகிறோம். அதை மேய்க்கிற அப்பாவுக்குப் போட்டாச்சா? இன்று ராத்திரி சாப்பிட உட்காரும்போது அவரையே கேளுங்கள்.