உலர்ந்த வாயுவும் உடலின் வெம்மையும்



ஊரூர் ஒல்காட் குப்பத்தில், அடையாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தருகே, நனைந்த மேனியுடன் கரையேறும் மீனவரைக் கண்டிருப்பீர்கள். மேற்கிலிருந்து வறண்ட கோடைக்காற்று வீசினால், அது வெங்காற்றேயாயினும், ஈரம் உலர்கையில் அவருடல் சிலிர்க்கும். கிழக்கிலிருந்து ஈரங்கலந்த கொண்டல் வீசினாலோ ஈரம் எளிதில் உலராது, சிலிர்ப்பும் தோன்றாது. ஆவியாகும் நீர் உடலின் வெப்பத்தையும் உடன்கொண்டு செல்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதனாலேயே.

இவ்வியல்பு அறுவை அரங்கினுள்ளும் தொழிற்படுகிறது. லேப்ராஸ்கோப்பி எனப்படும் நுண்துளை அறுவையில், கருவிகள் இயங்க இடம் வேண்டி, வயிற்றைக் கரியமில வாயுவால் உப்பச் செய்வர். அவ்வாயு தீப்பற்றாதது, குருதியில் கரைந்து மூச்சுவழியே வெளியேறிவிடுவது. ஆயினும் உருளையிலிருந்து வரும்போது அது அறையின் குளிர்ச்சியும் முற்றிய வறட்சியும் உடையது. வயிற்றின் உட்சவ்வோ என்றும் ஈரமுள்ளது. துளைகள் வழியே கசியக் கசியப் புதிய வாயு புகுந்தவண்ணம் இருக்கும். மயக்கத்திலுள்ள உடலோ நடுங்கித் தன்னைச் சூடேற்றிக்கொள்ள இயலாத நிலையிலிருக்கும்.

குளிர்ந்த வாயுதான் குற்றவாளி எனப் பலரும் கருதுவர். கணக்கு வேறு சொல்கிறது. ஒரு லிட்டர் வாயுவை 20 டிகிரியிலிருந்து 37 டிகிரி செல்சியசுக்கு உயர்த்த ஏறத்தாழ 6 கலோரி போதும். அதே வாயு ஈரத்தால் நிறைய 44 மில்லிகிராம் நீர் ஆவியாக வேண்டும்; அதற்கு உடல் இழப்பது சுமார் 25 கலோரி. (இவை உணவுப் பொட்டலங்களில் காணும் பெருங்கலோரி அல்ல, சிறு கலோரி.) ஆகவே வாயுவைச் சூடாக்கினால் மட்டும் போதாது, ஈரமூட்டவும் வேண்டும். 37 டிகிரி வெம்மையும் நிறைந்த ஈரமும் ஊட்டி வாயுவைச் செலுத்தும் கருவிகள் தோன்றியது இக்காரணத்தால்தான்.

உள்ளுடல் வெப்பம் 36 டிகிரிக்குக் கீழிறங்கினால் குருதி உறைதல் தளரும், புண்ணில் தொற்று எளிதாகும், மயக்கம் தெளிவதும் தாமதமாகும். மெலிந்த முதியோர் விரைவில் குளிர்ந்துவிடுவர்.

எனினும் கருவியின் புகழை அளந்தே கொள்ளவேண்டும். பல ஆய்வுகளைத் திரட்டி 2016இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வு, இதனால் கிட்டும் வெப்ப உயர்வு சிறிதே என்றும், வலியோ மருத்துவமனையில் தங்கும் நாளோ குறைந்ததாகத் தெளிவில்லை என்றும் கண்டது. வெதுவெதுப்பான காற்றைச் செலுத்தும் போர்வையே இன்றும் முதற்காப்பு. ஈரவாயு அதற்குத் துணை. அறுவைக்கு முன் மயக்க மருத்துவரைக் காணும் குடும்பத்தார், "வெப்பத்தை இடையிடையே அளப்பீர்களா? போர்வை உண்டா?" என்று வினவுதல் தகும். ஈரவாயுவைப் பற்றிய வினா அதன்பின் வரலாம்.