கேட்டால் மனம் திறந்து சொல்லுங்கள்



ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வெளியே வருகிறவர்களை, "நல்லா கவனிச்சாங்களா? திருப்திதானா?" என்று கேட்டால் என்ன பதில் வரும்? "எல்லாம் நல்லாத்தான் பார்த்தாங்க" என்றுதான் வரும். இதில் பாதி மரியாதை, பாதி பயம். "குறை சொன்னா நாளைக்கு யாரு நம்மள பார்ப்பாங்க?" என்ற நினைப்பு. பல நாடுகளில் ஆய்வு செய்தவர்களும் இதையே கண்டார்கள். ஆகவே "திருப்தியா?" என்பதோடு நிறுத்தாமல், "என்ன நடந்தது?" என்றும் கேட்கத் தொடங்கினார்கள்.

2019–21ல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வில், கருத்தடை முறையைப் பயன்படுத்தும் பெண்களிடம் மூன்று விஷயங்கள் கேட்கப்பட்டன. இதனால் என்ன தொந்தரவு வரலாம் என்று சொன்னார்களா? வந்தால் என்ன செய்வது என்று சொன்னார்களா? வேறு முறைகள் இருப்பதைச் சொன்னார்களா?

இவை சின்னக் கேள்விகள் அல்ல. காப்பர்-டி போட்ட முதல் சில மாதங்களில் தீட்டு சற்று அதிகமாகப் போகலாம், வயிறு வலிக்கலாம். முன்பே தெரிந்த பெண் பயப்பட மாட்டாள். தெரியாதவளோ பதறிப்போய் எடுத்துவிடச் சொல்வாள். ஆண்களுக்குச் செய்யும் ஆபரேஷனும் அன்றைக்கே பலன் தராது. மூன்று மாதம் வரை நிரோத் போன்ற வேறு பாதுகாப்பு வேண்டும். இதை யாரும் சொல்லாவிட்டால், வேண்டாத கர்ப்பமும் வீண் சந்தேகமும் வந்து குடும்பத்தைக் கலைக்கும்.

இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவாவில் நடந்த ஓர் ஆய்வு 1991ல் வெளிவந்தது. தாங்கள் விரும்பிக் கேட்ட முறையே கிடைத்த பெண்கள் அதை விடாமல் கடைப்பிடித்தார்கள். விரும்பியது கிடைக்காதவர்களில் பலர் சீக்கிரமே கைவிட்டார்கள். அடுத்தவர் திணித்த செருப்பு காலைக் கடிக்கத்தானே செய்யும்!

ஒரு காலத்தில் நம் நாட்டில் "இத்தனை ஆபரேஷன்" என்று இலக்கு வைத்து வேலை நடந்தது. 1996 ஏப்ரலில் அந்த முறை நாடு முழுவதும் கைவிடப்பட்டது. கருத்தடை ஆபரேஷனுக்கு வருகிறவருக்குப் புரியும் மொழியில் எல்லாவற்றையும் விளக்க வேண்டும், யோசிக்க நேரம் தர வேண்டும் என்று 2016ல் உச்ச நீதிமன்றமும் கூறியது. ஆகவே கேள்வி கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல, உங்கள் உரிமை.

நீங்கள் செய்ய வேண்டியது என்ன?

முதலில் வீட்டில் கணவனும் மனைவியும் கலந்து பேசுங்கள். இன்னொரு குழந்தை வேண்டுமா, இப்போதா, சில வருஷம் கழித்தா? ஐயா, "அது பொம்பளைங்க சமாச்சாரம்" என்று ஒதுங்கிவிடாதீர்கள்.

பிறகு இருவருமாகப் போங்கள். "வேறென்ன முறை இருக்கு? என் உடம்புக்கு எது ஒத்துவரும்? தொந்தரவு வந்தா யாரைப் பார்க்கணும்? வேண்டாம்னா நிறுத்த முடியுமா?" என்று நர்சம்மாவிடம் கேளுங்கள். புரியாமல் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள்.

கடைசியாக, கருத்துக் கேட்டு யாராவது வந்தால் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். காக்க வைத்தார்களா, மறைவான இடம் இருந்ததா, கடுஞ்சொல் சொன்னார்களா, அன்பாகப் பேசினார்களா, எல்லாவற்றையும் சொல்லுங்கள். நீங்கள் மறைத்தால் குறை அப்படியே இருக்கும். நாளை உங்கள் மகளும் மருமகளும் அங்கேதான் வர வேண்டும்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும்.