அளவெடுக்க மறந்த பொறியாளன்



எங்கள் வீடு கோவிலம்பாக்கத்தில். என் தங்கையின் உயரம் நாலடி எட்டங்குலம். "கள்ளனை நம்பினாலும் குள்ளனை நம்பாதே" என்று அவளைக் கேலி செய்தே வளர்ந்தவன் நான். அவள் வேலைக்குப் போன பிறகும் பஸ்ஸில், "எந்த ஸ்கூல் பாப்பா?" என்று கேட்பவர்கள் உண்டு.

ஒருநாள் அவளோடு பஸ்ஸில் போனேன். மேல்கம்பி எனக்கு எட்டியது, அவளுக்கு எட்டவில்லை. ஒவ்வொரு பிரேக்குக்கும் தடுமாறினாள்.

"தினமும் இப்படித்தானா?" என்றேன்.

"பஸ்ஸை விடுண்ணா. நம்ம வீட்டுச் சமையல் மேடையை நீதானே கட்டினே?"

சுருக்கென்றது. மூன்றடி மேடை, என் உயரத்துக்குப் பார்த்துக் கட்டியது. ஐந்து வருஷமாகப் பலகை போட்டு ஏறி நின்று சப்பாத்தி தேய்க்கிறாள். அம்மாவும் அவள் உயரம்தான். மகன் கட்டிய வீடாயிற்றே என்று வாயே திறக்கவில்லை.

சாதாரண பஸ்ஸின் தளம் தரையிலிருந்து சுமார் 900 மி.மீ. 2024 ஆகஸ்டில் சென்னையில் ஓடத் தொடங்கிய தாழ்தளப் பஸ்களில் 400தான். மாற்றுத்திறனாளிகள் கோர்ட் வரை போய்ப் போராடியதன் பலன், குட்டையானவர்களுக்கும் வயசானவர்களுக்கும் சேர்ந்தே கிடைக்கிறது.

நானும் மேடையை இடித்தேன். தங்கையின் முழங்கைக்குச் சற்றுக் கீழே டேப் பிடித்தேன். இரண்டடி ஏழங்குலம் வந்தது. அப்படியே கட்டினேன். அந்தப் பலகை இப்போது பரணில்.

நண்பர்களே, வரைபடம் போடுமுன் புழங்கப் போகிறவரை ஒருமுறை அளந்து பாருங்கள்.