ஊர் திரும்பிய ஊழியர்



பிறதேச ஊழியத்துக்குப் புறப்படுவோரைத் திருச்சபையார் வழியனுப்பும் சிறப்பைப் பலரும் கண்டிருப்பர். செபமும் கீதமும் தலைமேற் கைவைத்து ஆசீர்வதித்தலும் அன்று குறைவின்றி நிகழும். அவர்கள் திரும்பி வருங்காலத்திலோ, ஞாயிறு ஆராதனையின் முடிவிற் பத்து நிமிடம் ஒதுக்கப்படும். சில புகைப்படங்கள் திரையிற் காட்டப்படும். தேநீரோடு கூட்டங் கலைந்துவிடும். இரண்டு மூன்று வாரம் அந்நிய மண்ணில் உழைத்து வந்த இளைஞன் மறுநாட் காலையிற் பழைய அலுவலகத்திற் பழைய நாற்காலியில் அமர்கின்றான். அவன் கண்டதை முழுவதுங் கேட்பதற்கு ஒருவருக்கும் பொழுதில்லை. கேட்க வருபவரும் வெற்றிக் கதையையே எதிர்பார்த்து வருகின்றனர்.

இத்தகைய குறுகியகால ஊழியப் பயணங்கள் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பெருகியவை. விமானப் பிரயாணம் எளிதானமை அதற்கு ஒரு காரணம். 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆந் திகதி கடல்கோள் நேர்ந்த பின்னர், இலங்கையின் கரையோர ஊர்களுக்கும் பிறநாட்டுக் குழுவினர் வந்து சென்றனர். அவர்கள் தத்தம் ஊர் மீண்டு நமது மக்களைப்பற்றி என்ன கூறினார்கள், எந்தப் படங்களைக் காட்டினார்கள் என்பதைக் கரையோரத்து மக்கள் அறியார். திரும்பி வந்தவன் சொல்லுங் கதையிற் பிறருடைய மானமும் அடங்கியிருக்கின்றது என்பது எளிதில் மறக்கப்படும் விடயம்.

1998ஆம் ஆண்டில் மிற்ச் என்னுஞ் சூறாவளி மத்திய அமெரிக்காவிலுள்ள ஹொண்டூராஸ் நாட்டைச் சிதைத்தபோது, வட அமெரிக்கச் சபைகளிலிருந்து பல குழுக்கள் சென்று வீடுகள் கட்டிக் கொடுத்தன. அவ்வீடுகளைப் பெற்றோரையுங் கட்டியோரையும் விசாரித்து, கேட் வேர் பீக் என்னும் ஆய்வாளர் 2006ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார். உள்ளூர்க் கிறிஸ்தவ நிறுவனங்கள் கட்டிய வீடுகளிற் குடியேறியோருக்கும், அந்நியர் வந்து கட்டிய வீடுகளிற் குடியேறியோருக்குமிடையே சொல்லத்தக்க வேறுபாட்டை அவர் காணவில்லை. பயணஞ் சென்றவர்களோ தம் வாழ்வு மாறிவிட்டது என்றனர். ஆயினும் அவர்களுடைய காணிக்கைக் கணக்குகளில் அம்மாற்றம் அவ்வளவாகத் தென்படவில்லை. அவர்கள் பொய் கூறினர் என்று எண்ணுதல் நியாயமன்று. ஊர் திரும்பிய அன்று மனத்தில் மூண்ட கனல் உண்மையானதே. அதை அணையாது காக்க ஊரில் ஒருவரும் இருக்கவில்லை.

கிறிஸ்தவ வரலாற்றில் முதன்முதல் ஊழியப் பயணஞ் சென்று மீண்டோரின் செய்தி அப்போஸ்தலர் நடபடிகளிற் காணப்படுகின்றது. இன்று துருக்கி நாட்டில் அந்தாக்கியா என வழங்கும் அந்தியோகியாவிலிருந்து, கி. பி. 47ஆம் ஆண்டளவில், பர்னபாவும் பவுலும் கப்பலேறினர். சீப்புருதீவைக் கடந்து, பிசீதியா, இக்கோனியா, லீஸ்திரா, தெர்பை என அவர்கள் வழி நீண்டது. லீஸ்திராவிற் பவுலைக் கல்லெறிந்து, இறந்தானென்று எண்ணி ஊருக்கு வெளியே இழுத்துப் போட்டனர். இவ்வளவும் அனுபவித்து மீண்டவர்கள் சபையைக் கூட்டிச் சொன்னவை எவை? தேவன் செய்தவற்றையும், புறசாதியாருக்கு விசுவாசத்தின் கதவு திறக்கப்பட்டதையுமே லூக்கா குறிப்பிடுகின்றார். காயத் தழும்பைப்பற்றி அவ்விடத்தில் ஒரு சொல்லும் இல்லை. அதன்பின் அவர்கள் நெடுநாள் அங்கேயே தங்கினர் என்ற சிறு குறிப்பையும் அவர் சேர்த்துள்ளார். அந்தியோகியாச் சபை அவர்களுக்குப் பத்து நிமிடத்தோடு விடைகொடுக்கவில்லை.

ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒருவன் இல்லை. அவன் யோவான் என்னும் மறுபெயருடைய மாற்கு, பர்னபாவின் இனத்தவன், எருசலேமில் விசுவாசிகள் கூடிச் செபித்த வீட்டுக்காரி மரியாளின் மகன். உதவியாளாகக் கூடச் சென்ற அவன், சீப்புருதீவைக் கடந்து பம்பிலியாவிலுள்ள பெர்கேயில் இறங்கியதும் அவர்களைப் பிரிந்து வீடு திரும்பினான். காரணம் யாதென லூக்கா கூறவில்லை. எதிரே நின்ற தௌருஸ் மலைவழியை அஞ்சினான் என்பர் சிலர்; பம்பிலியாக் கரையின் காய்ச்சல் என்பர் சிலர்; பர்னபாவின் தலைமை பவுலிடஞ் செல்வதைக் கண்டு மனம் பொறாதவன் என்பாரும் உளர். எல்லாம் ஊகமே. தாயின் வீட்டு வாயிலில் அவன் வந்து நின்றபோது அவள் என்ன கேட்டாள் என்பதும் எழுதப்படவில்லை. அவனுக்குக் காட்டப் படமும் இல்லை, சொல்ல வெற்றியும் இல்லை. இன்றும் நோயினாலோ சலிப்பினாலோ உடன் சென்றோரின் பிணக்கினாலோ இடையிலே திரும்புவோர் உளர். அவர்களுக்கு எச்சபையிலும் மேடை போடுவதில்லை.

அடுத்த பயணத்துக்கு மாற்குவையும் அழைத்துச் செல்லலாம் என்றார் பர்னபா. நடுவழியில் விட்டுப்போனவன் வேண்டா என்றார் பவுல். வேலையின் அருமை கருதிய பவுலின் கண்டிப்பு பிழையென்று சொல்லிவிட முடியாது. மலைவழியில் நம்பத்தக்க துணை வேண்டும். பர்னபாவோ ஆளைக் கருதினார். பிணக்கு முற்றியது. பல இன்னல்களை ஒருங்கே தாங்கிய இருவரும் பிரிந்தனர். பவுல் சீலாவுடன் தரைவழியே சென்றார். பர்னபா மாற்குவை அழைத்துக்கொண்டு மீண்டுஞ் சீப்புருதீவுக்குக் கப்பலேறினார். அவ்விருவரும் அங்கே என்ன செய்தனர் என்பதை லூக்கா எழுதாது விட்டுவிட்டார்.

ஆண்டுகள் கழிந்தன. கொலோசெயருக்கு எழுதப்பட்ட நிருபத்தில், மாற்கு வந்தால் அவனை ஏற்றுக்கொள்ளும்படி சொல்லப்பட்டுள்ளது. பவுலின் பெயரால் வழங்கும் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்திலே, சிறையிலிருக்கும் முதியவர் ஒருவரின் தனிமை தெரிகின்றது. உடனிருந்தோர் பலர் போய்விட்டனர். லூக்கா மாத்திரம் இருக்கின்றார். மாற்கு ஊழியத்தில் தமக்குப் பயன்படுவான், அவனைக் கூட்டிக்கொண்டு வா என்று அவர் தீமோத்தேயுவைக் கேட்கின்றார். திரோவாவில் விட்டுவந்த மேலங்கியையும், புத்தகங்களையும், சிறப்பாகத் தோற்சுருள்களையுங் கொண்டுவரும்படி அந்நிருபத்திலே கேட்கின்றார். மாரிகாலத்துக்கு முன் வந்துவிட வேண்டும் என்பதும் அந்நிருபத்தின் முடிவில் இருக்கின்றது.