காதுக்குள்ளே மட்டும் கேட்கிற பாட்டு

(திண்டிவனத்தில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய ஒரு மாலைச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடையை முழுக்கத் திருத்தவில்லை.)



சமீபத்துல கேட்ட இசைத் தொகுப்புகளைப் பத்திப் பேசுங்கன்னு சொன்னப்ப எனக்குக் கூச்சமாத்தான் இருந்தது. கவிதை பற்றி என்றால் எதையாவது சொல்லிச் சமாளித்துவிடலாம். ராகம், தாளம் எதுவும் தெரியாதவன் நான். வங்கியில் கிளார்க். விழுப்புரத்தில் குடியிருப்பு, திண்டிவனத்தில் வேலை. பஸ்ஸில் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் வண்டி தேங்கினால் கூடுதலாக ஒரு பாட்டு. போகும்போது ஒரு தொகுப்பு, வரும்போது ஒரு தொகுப்பு. அப்படிக் கேட்டதுதான் எல்லாம். அதனால நான் இசையைப் பற்றிப் பேசப்போவதில்லை. கேட்கிறதைப் பற்றிப் பேசுகிறேன். எதை, எங்கே வச்சு, யார் எதிர்ல கேக்கறோம் என்பதைப் பற்றி.

முதல்ல எங்க ஊர் ஸ்பீக்கரைச் சொல்லணும். ஆடி மாசம் மாரியம்மன் கோயில் புளியமரத்துல ரெண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டுவாங்க. ஒண்ணு ஊர்த்தெருவைப் பாத்து. இன்னொண்ணு எங்க காலனியைப் பாத்து. விடியக்காலம் அஞ்சு மணிக்கே எல்.ஆர். ஈஸ்வரி அம்மா ஆரம்பிச்சிடுவாங்க. கிறித்துவக் குடும்பத்தில் பிறந்த அந்த அம்மாவின் குரல் இல்லாமல் தமிழ்நாட்டில் எந்த மாரியம்மனுக்கும் கூழ் ஊற்ற முடியாது என்பது தனிக்கதை. அந்தக் கோயிலுக்குள் நாங்கள் போக முடியாது. சாமி எங்கள் தெருவுக்கு வராது. பாட்டு மட்டும் வரும். எங்க மேல உள்ள பிரியத்துல அந்தக் குழாயை இப்படித் திருப்பிக் கட்டினதா சின்ன வயசுல நெனச்சிருக்கேன். சத்தம் எதுவரைக்கும் போகுதோ அதுவரைக்கும் எங்க எல்லை என்று சொல்கிற ஏற்பாடு அது என்று பிறகுதான் புரிந்தது. எப்படிப் புரிந்தது என்றால், ஏப்ரல் 14க்கு நாங்கள் ஸ்பீக்கர் கட்டியபோது, 'கொழாயை உங்க பக்கமே திருப்பிக்குங்கடா' என்று சொல்ல ஆள் வந்தது.

2023 ஜூனில் விழுப்புரத்துக்குப் பக்கத்து மேல்பாதியில் திரௌபதியம்மன் கோயிலுக்கு அதிகாரிகள் பூட்டுப் போட்டு சீல் வைத்தார்கள். தலித் உள்ளே வருவதா என்று தகராறு. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு அந்தப் புளியமரத்துக் குழாய்தான் ஞாபகம் வந்தது. உள்ளே வரக்கூடாது என்று சொன்ன எந்த ஊரும், எங்க பாட்டைக் கேக்காதேன்னு சொன்னதில்லை. கேட்டுத்தான் ஆகணும். 1992இல் 'தேவர் மகன்' வந்தது. அதிலுள்ள சாதிப் பெருமைப் பாட்டைச் சேரி வழியாகப் போகும்போது வேண்டுமென்றே சத்தம் கூட்டி வைப்பார்கள் என்று தென்மாவட்டத் தோழர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதற்கு இசை அமைத்தவர் யார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அவரிடம் பிறகு வருகிறேன்.

சரி, கேட்டதைச் சொல்கிறேன். மூன்று மாதமாக அதிகம் கேட்டது கே.ஏ. குணசேகரன். ஒரு தோழர் தன்னிடமிருந்த பழைய கேசட்டுகளைக் கணினியில் ஏற்றி பென்டிரைவில் கொடுத்தார். கரகரவென்று நாடாச் சத்தத்தோடுதான் இருக்கிறது. தயவுசெய்து யாரும் அதைச் சுத்தம் செய்துவிடாதீர்கள். இளையான்குடி பக்கம் மாரந்தையில் 1955இல் பிறந்தவர், 'தன்னானே' கலைக்குழுவைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர், புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகம் சொல்லிக்கொடுத்தவர், 'வடு' எழுதியவர். இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' பாட்டை நம்ம சேரிகளுக்குள் கொண்டு வந்து சேர்த்த குரல் அது. எழுதியவர் கீழக்கரை முஸ்லிம், பாடியவர் நம்ம ஆள். இரண்டு பேரும் 2016இல் போய்ச் சேர்ந்தார்கள். ஒருவர் ஜனவரியில், இன்னொருவர் டிசம்பரில்.

தொண்ணூறுகளில் நான் சின்னப் பையன். பெரியப்பா வீட்டு டேப்ரெக்கார்டரைத் திண்ணையில் வைத்து அந்தக் கேசட்டைப் போடுவார்கள். தனியாகக் கேட்பது என்று ஒன்று கிடையாது. போட்டால் காலனி முழுக்கக் கேட்கும். எங்க நைனா மட்டும் கதவைச் சாத்துவார். அவருக்கு 78 ஞாபகம். 1978 ஜூலையில் விழுப்புரத்தில் நம்ம ஆட்கள் பன்னிரண்டு பேரைக் கொன்றார்கள். நைனா அப்போது டவுனில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். எப்படித் தப்பித்தார் என்று எங்களிடம் சொன்னதே இல்லை. சத்தமா எதையும் வைக்காதீங்கடா என்பதோடு சரி. அந்தப் பன்னிரண்டு பேருக்கு ஒரு பாட்டு உண்டா? நான் கேட்டதில்லை. இங்க யாருக்காவது தெரிஞ்சா கூட்டம் முடிஞ்சதும் சொல்லுங்க.

அடுத்தது தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ். உங்களில் பலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 2018 ஜனவரி 6, சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் டென்மாவும் சேர்ந்து உண்டாக்கியது. பத்தொன்பது பேர். அதில் இசைவாணி ஒரே பெண். அயோத்திதாசப் பண்டிதரின் சொல்லிலிருந்து எடுத்த பெயர் என்பதாலேயே எனக்குப் பிடித்துப்போனது. கானாவும் ராப்பும் ராக்கும் ஒரே மேடையில் நின்றன. சாவு வீட்டு வாசலில் தாயக்கட்டை உருட்டிக்கொண்டு விடிய விடியக் கேட்கிற கானாவை நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்க வைத்தார்கள். அது பெரிய காரியம்.

இதைப் பெரியப்பாவுக்குக் கேட்கவைத்தேன். அவர் மோளம் அடித்தவர். இங்கே நாம் பறை என்று பேசுகிறோம், அவர் வாயில் மோளம்தான். தொண்ணூறுகளின் கடைசியில், ஊர்ச் சாவுக்கு இனி அடிக்க மாட்டோம் என்று காலனி முடிவெடுத்தது. அதற்குப் பிறகு ஏரிக்கரையில் மாடு மேய்க்க விடவில்லை. களையெடுக்க எங்க பொம்பளைங்களைக் கூப்பிடவில்லை. ஒரு வருஷம் அப்படி ஓடிற்று. பெரியப்பா மோளத்தைப் பரணில் போட்டவர் போட்டவர்தான். நான் கல்லூரியில் பறை பழகினேன் என்று சொன்னபோது என்னோடு நாலு நாள் பேசவில்லை. எதை விட்டொழிக்க அடி வாங்கினோமோ அதையே நீ மாட்டிக்கினு வந்து நிக்கிறியா என்பது அவர் கேள்வி. தொண்ணூறுகளில் நம் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக நடந்த விவாதம் அது. பறை இழிவா, விடுதலையா என்று. எழுதியவர்கள் ஒரு முடிவுக்கு வந்திருக்கலாம். அவர் வரவில்லை. 2025இல் மதுரைப் பக்கத்து வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கொடுத்த செய்தியைக் காட்டினேன். படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். 'நல்லாருக்கட்டும்' என்றார்.

ஒருநாள் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு காதுக்கு அவர், ஒரு காதுக்கு நான். வேறொரு குழுவின் பறைத் தொகுப்பு ஒன்றை முதலில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் கழற்றிவிட்டார். 'இது தோலே இல்லடா. ஃபைபர். வைக்கோல்ல தீ காட்டுற வேலையே இல்ல, அதான் எல்லா அடியும் ஒரே மாதிரி உழுது.' அடிக்குச்சியும் சிம்புக்குச்சியும் பிடித்த கைக்குத் தெரிகிறது. அப்புறம் காஸ்ட்லெஸ் கலெக்டிவ். முழுசாக் கேட்டார்.

'எந்தச் சாவுக்கு அடிச்சாங்க?'

'சாவுக்கு இல்ல பெரியப்பா. மேடையில.'

'எதிர்ல ஊர்க்காரனுங்க உக்காந்திருந்தானுங்களா?'

'இருந்திருப்பாங்க.'

'கடைசி வரைக்கும் உக்காந்திருந்தானுங்களா?'

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. எந்த இசை விமர்சகரும் இந்தக் கேள்வியைக் கேட்டு நான் படித்ததில்லை.

அறிவைப் பற்றிச் சொல்லணும். அரக்கோணத்துப் பிள்ளை. ஆஃப்ரோவோடு சேர்ந்து 2019இல் 'தெருக்குரல்', 2024இல் 'வள்ளியம்மா பேராண்டி'. இரண்டையும் திரும்பத் திரும்பக் கேட்டேன். முதலாவதில் கோபம் வேகமாக ஓடுகிறது, சில இடத்தில் மூச்சு முட்டுகிறது. இரண்டாவதில் நின்று நிதானமாகப் பேசுகிறார், எனக்கு இது கூடுதலாகப் பிடிக்கிறது. வள்ளியம்மா அவருடைய பாட்டி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, திரும்பி வந்த குடும்பம். 2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாயி எஞ்சாமி'யும் அந்தப் பாட்டியின் கதைதான். அந்த 'சாமி' என்ற சொல்லைக் கவனியுங்கள். நிலத்துக்காரரை எங்க ஆயா 'சாமி' என்றுதான் கூப்பிட்டது. இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு என்னையும் 'என் சாமி' என்றுதான் கொஞ்சியது. கும்பிடவும் கொஞ்சவும் ஒரே வார்த்தை. அந்தப் பாட்டு முதலாவதைத் தள்ளிவிட்டு இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

அதே 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். எழுதிய அறிவு இல்லை. ரஞ்சித் கேட்டார், நாமெல்லாம் கேட்டோம், பிறகு அறிவுக்கும் தனியாக இணைய அட்டை வந்தது. உலகம் முழுக்கக் கேட்ட பாட்டிலேயே இப்படி என்றால், எங்க ஆயாக்கள் பாடின ஒப்பாரிக்கு எந்த அட்டை, எந்தப் பெயர்? 'நாட்டுப்புறம்' என்று ஒரே வார்த்தையில் கணக்கை முடித்துவிடுகிறார்கள்.

இனி எனக்குச் சங்கடமான பகுதி.

கிளையில் பக்கத்து இருக்கைக்காரர் ஒருநாள், 'காலையிலயே காதுல என்ன சார் ஓடுது?' என்றார். அப்போது ஓடியது குணசேகரன். நான் 'ராஜா சார்' என்றேன். அவர் முகம் மலர்ந்து, அரைமணி நேரம் எண்பதுகளின் பாட்டுகளைப் பற்றிப் பேசினார். நானும் பேசினேன். இளையராஜாவை எனக்கும் உயிர்தான். 1986இல் வந்த 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பைப் பத்து வருஷமாகக் கேட்கிறேன். 2025 மார்ச் 8 லண்டனில் அவருடைய சிம்ஃபொனி அரங்கேறிய இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. பொய் சொல்லவில்லை என்று வேண்டுமானால் வாதாடலாம். ஆனால் எதற்காக அந்த நேரத்தில் அந்தப் பெயர் வந்தது? அந்தப் பெயரைச் சொன்னால் எந்தத் தெரு என்று யாரும் கேட்க மாட்டார்கள். அவரும் அதைப் பேச விரும்பாதவர், அது அவர் உரிமை. நான் அவர் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.

அன்று சாயந்திரம் பஸ்ஸில் கேட்டது நீனா சிமோன். கறுப்பினப் பாடகி. 1963 செப்டம்பரில் அலபாமா மாநிலம் பர்மிங்காமில் கறுப்பர்களின் தேவாலயத்தில் வெள்ளை வெறியர்கள் குண்டு வைத்தார்கள், நான்கு சிறுமிகள் செத்தார்கள். அதைக் கேள்விப்பட்ட வேகத்தில் அவர் எழுதியது 'மிசிசிப்பி காட்டேம்'. 1964இல் வந்த கச்சேரித் தொகுப்பில் இருக்கிறது. நியூயார்க் கார்னகி மண்டபம், எதிரே பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள். மெட்டு துள்ளலாக, நாடகக் கொட்டகைப் பாட்டு மாதிரி இருக்கும். தொடக்கத்தில் ஜனங்கள் சிரிப்பது பதிவிலேயே கேட்கிறது. போகப்போக அந்தச் சிரிப்பு நின்றுவிடுகிறது. இங்கிலீஷ் எல்லாம் புரியாவிட்டாலும் பரவாயில்லை, அந்தச் சிரிப்பு எங்கே நிற்கிறது என்று மட்டும் கேளுங்கள். அமெரிக்காவின் தெற்கில் ஒரு கடைக்காரர் அந்த இசைத்தட்டுகளைப் பெட்டியோடு உடைத்துத் திருப்பி அனுப்பினாராம், அவரே சொல்லியிருக்கிறார். பெரியப்பாவின் கேள்விக்கு அந்தம்மா அறுபது வருஷத்துக்கு முன்னாலேயே பதில் சொல்லியிருக்கிறார்.

இதைக் கேட்டு நெஞ்சு நிமிர்த்திக்கொண்டு போய் இறங்கியவன்தான் நான். அடுத்த வாரமே இது நடந்தது.

கிளையில் கூட்டம். நூறு நாள் வேலைக் கூலி எடுக்க ஒரு ஆயா வந்திருந்தார். எங்க பக்கத்துக் காலனி. என்னை அவருக்குத் தெரியும், யார் மகன் என்றும் தெரியும். 'சாமி, காசு ஏறிட்சா பாரு' என்று பாஸ்புக்கை நீட்டும்போது அவர் மடியிலிருந்த போன் அடித்தது. அம்பேத்கர் பாட்டு. பறையோடுதான் ஆரம்பிக்கும். பேரன் வைத்துக் கொடுத்திருப்பான். முழுச் சத்தம். அந்தச் சின்ன ஹாலில் எல்லாரும் திரும்பினார்கள். சுருக்குப்பையைப் பிரித்து போனை எடுக்க அவருக்கு நேரம் பிடித்தது, எடுத்தும் எதை அழுத்துவது என்று தெரியவில்லை. காவலுக்கு நிற்பவர், 'ஏ கெழவி, அதை நிறுத்து மொதல்ல' என்றார். வரிசையில் யாரோ சிரித்தார்கள். சற்றுமுன் சினிமாப் பாட்டோடு இரண்டு போன் அடித்தன, அதற்கு யாரும் திரும்பவில்லை.

அன்று காலையில் பஸ்ஸில் நான் கேட்டுக்கொண்டு வந்த அதே பாட்டு. எந்த இடத்தில் பெண் குரல் வரும், எந்த இடத்தில் அடி மாறும் என்று எனக்குத் தெரியும். ஆயா என்னைப் பார்த்தார். நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். பாஸ்புக்கை மெஷினில் வைத்து வரி அச்சடித்துக் கொடுத்தேன். 'ஏறிட்சு ஆயா' என்றேன். அவ்வளவுதான் என் குரல் வெளியே வந்தது.

போன மாதம் மறுபடியும் வந்தார். போன் அடித்தது. வெறும் மணிச் சத்தம். போன் வாங்கும்போது அதிலேயே இருக்குமே, அந்தச் சத்தம். ஒரே அழுத்தில் எடுத்துப் பேசினார், பழகிவிட்டார் போல. பாட்டை யார் மாற்றினது, ஏன் மாற்றினது என்று நான் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது?

பென்டிரைவ் மேசையில் இருக்கிறது, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். குணசேகரனில் இரண்டு பாட்டு, நீனா சிமோன் ஒன்று இப்போது போடச் சொல்லியிருக்கிறேன். ஸ்பீக்கர் ஜன்னலைப் பார்த்து இருக்கிறதா என்று பின்னால் இருக்கிற தோழர் கொஞ்சம் பாருங்க.